பத்தொன்பதாம் நம்பர்

ஜிப்ஸியின் பின்சீட்டைக் கழற்றிய அன்று
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் மூன்று கிடைத்தன.
மூன்றும் நாங்கள் வாங்கியவை.
மூன்றுக்கும் ஒருவரை ஒருவர்
தனித்தனியாகத் திட்டியிருக்கிறோம்.
பிலவேந்திரன் ஒன்றும் பேசவில்லை.
மட்கார்டின் மேல் வரிசையாக அடுக்கிவைத்து
பீடி பற்றவைத்துக்கொண்டார்.

எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்
காப்பிப் பழம் உரிக்கும் பல்ப்பருக்கு
ரிப்பேர் பார்க்கிறோம் நாங்கள் இருவரும்.
பழமூட்டை வந்து இறங்கிய பிறகுதான் மெஷின் நிற்கும்,
அது அதன் குணம்.
விடிவதற்குள் புளித்துவிடும், அது பழத்தின் குணம்.
நாகலூரில் மழைக்குள் நின்று
"பின்னாடிதான் இருக்கு" என்பார்.
பின்னாடி என்றால் சாக்கு,
சாக்குக்குள் இன்னொரு சாக்கு,
மூடியில்லாத கிரீஸ் டப்பா,
அதற்குள் என் கை.

அதனால்தான் டிராயர்.

செவ்வாய்ப்பேட்டையில்
பதினெட்டு எம்எம் பிளைவுட் ஒன்றரை ஷீட்.
"கிச்சனுக்காம்மா?"
இல்லைங்க, ஜீப்புக்கு.
கடைக்காரர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு
கட்டிங் கூலியில் இருபது ரூபாய் குறைத்தார்.
எதற்கென்று இன்னும் யோசிக்கிறேன்.

அளவு எடுத்தது நான். மூன்று முறை.
மூன்று முறையும் வீல் ஆர்ச்சை மறந்தேன்.
பெட்டி உள்ளே போகிறது, போகிறது,
ஒரு சாண் மிச்சம் இருக்கையில்
நான் ஒருத்தி இங்கே இருக்கேனே என்று
சக்கரத்தின் முதுகு இடிக்கிறது.
அறுத்தேன். மூலையில் ஒரு சந்து விழுந்தது,
கோணலாய், எதற்கும் ஆகாததாய்.
இப்போது குடை அங்கேதான் இருக்கிறது.
இந்த வண்டியில் தேடாமல் கிடைத்த
முதல் பொருள் அந்தக் குடை.

மரவனேரி வீட்டு ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து
"ஞாயித்துக்கிழமை கூடவா?" என்றார்.
ரம்பத்தை நிறுத்தினேன்.
அவர் தலை மறைந்ததும் மறுபடி.

நாற்பத்தைந்து கிலோ தாங்கும் சேனல்,
ஒரு விரலால் தள்ளினால் போதும்.
ரசமட்டத்தின் குமிழி
நடுக்கோட்டில் நின்று அசைய மறுத்தது.
ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்
சும்மா இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

சேலத்தில் மட்டம் என்று ஒன்று இருக்கிறது.
ஏற்காட்டு ரோட்டில் அது
முதல் கொண்டை ஊசியிலேயே இறங்கிக்கொள்கிறது.
பதினோராவது வளைவில் வலது டிராயர்
தானாக வந்து பின்கதவை முட்டியது.
பன்னிரண்டில் இடது.
பதினான்கில் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு.
"யாரு தட்டுறாங்கனு பாரு"
என்றார் பிலவேந்திரன், ஸ்டியரிங்கை விடாமல்.
ஒண்டிக்கடை வந்ததும்
பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி
பட்டையாய் அறுத்து
டிராயர்களின் வாயைக் கட்டினேன்.

தாழ்ப்பாள் பிறகு வைத்தேன், நல்லதாகவே.
டியூபை எடுக்கவில்லை.

இடது அவருடையது, வலது என்னுடையது.
அவர் டிராயரை நான் திறப்பதில்லை.
கொட்டச்சேட்டில் ஒருநாள் ராத்திரி
பேரிங் தேடித் திறந்துவிட்டேன்.
டார்ச் வெளிச்சத்தில்
சர்க்கரை மாத்திரை அட்டை,
பாதி தீர்ந்தது.
அதன் மேலேயே கடலை மிட்டாய்ப் பொட்டலம்,
முக்கால்வாசி தீர்ந்தது.
பல்ப்பர் அடியில் படுத்திருந்தவர்
"கிடைச்சுதா?" என்றார்.
கிடைச்சுது என்று முழங்காலால் மூடினேன்.

அடுத்த ஞாயிறு
மிச்சத் துண்டில் ஒரு தடுப்பு அறுத்து
அவர் டிராயருக்குள் அடித்துவைத்தேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
மாத்திரை ஒரு பக்கம்,
மிட்டாய் மறுபக்கம்,
நடுவில் பதினெட்டு எம்எம்.